வெனிலா பூவுக்குத் தேனீயாக மாறிய 12 வயது அடிமைச் சிறுவன்: யார் இந்த எட்மண்ட் அல்பியஸ்?

ஐஸ்கிரீம் கடையில் நின்று எதை வாங்குவது என்று குழம்பினால், கடைசியில் சரி, வெனிலாவே போதும் என்று சொல்லிவிடுகிறோம். அந்த அளவுக்கு அது சாதாரணமான சுவை ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சாதாரண சுவை உலகம் முழுக்கப் பரவியதற்குப் பின்னால், இந்தியப் பெருங்கடலில் உள்ள ஒரு சின்னத் தீவில் வாழ்ந்த ஒரு சிறுவனின் கட்டைவிரல் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

அவன் பெயர் எட்மண்ட். 1841இல் அவனுக்கு வயது 12. குடும்பப் பெயர் கிடையாது. அவன் ஓர் அடிமை. அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் தேவை என்று அன்றைய சட்டம் நினைக்கவில்லை.

அவன் என்ன செய்தான் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அவன் பிறந்த தீவிலிருந்து வெகுதூரத்தில், மெக்சிகோவின் காடுகளுக்கு ஒரு முறை போய்வர வேண்டும்.

பூ இருக்கிறது, காய் இல்லை. ஏன்?

வெனிலா ஒரு ஆர்க்கிட் கொடி. மெக்சிகோவின் கிழக்குக் கரையோரம் வெராக்ரூஸ் பகுதியில் டோட்டோனாக் என்ற பழங்குடி மக்கள் இதை நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அங்கே போனபோது வெனிலாவின் மணம் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது. பிறகு கொடியும் வந்தது. லண்டனிலும் பாரிஸிலும் கண்ணாடிக் கூடங்களில் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். கொடி வளர்ந்தது. பூகூட பூத்தது. காய் மட்டும் காய்க்கவில்லை. இப்படியே சுமார் 300 வருடங்கள் மெக்சிகோவைத் தவிர வேறெங்கும் வெனிலா விளையவில்லை.

காரணம் பூவின் அமைப்பு. மகரந்தமும் அதை ஏற்கும் சூலகமுடியும் ஒரே பூவுக்குள், மிகப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய மடல், கதவு போல மூடியிருக்கும். அந்தக் கதவைத் தாண்டி மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கத் தெரிந்த பூச்சி வேண்டும். சாதாரணத் தேனீயால் அது முடியாது. அதோடு பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடத் தொடங்கிவிடும். ஒரே ஒரு காலை நேரம்தான் அவகாசம்.

மெக்சிகோ காட்டில் இந்த வேலையைச் செய்வது எந்தப் பூச்சி? நம்மூர் கொசுத்தேனீயின் உறவான மெலிபோனா என்ற கொடுக்கில்லாத தேனீதான் என்று பல காலம் எழுதிவந்தார்கள். இப்போது ஆய்வாளர்கள் பலரும், உலோகம் போலப் பளபளக்கும் ஆர்க்கிட் தேனீக்களைத்தான் கைகாட்டுகிறார்கள். சொந்த மண்ணிலேயே இயற்கையாக நூறில் ஒரு பூ என்ற அளவில்தான் காய்ப்பதாகச் சொல்லப்படுகிறது. அவ்வளவு அரிதான சந்திப்பு அது.

ஆக, கொடியைக் கப்பலேற்றியவர்கள் அதன் பாதியைத்தான் கப்பலேற்றினார்கள். மீதிப் பாதி காட்டிலேயே பறந்துகொண்டிருந்தது. இதில் அவர்களை ரொம்பவும் குறை சொல்லவும் முடியாது. பூக்களின் நிறமும் வடிவமும் பூச்சிகளை அழைப்பதற்காகத்தான் என்று ஜெர்மனியில் ஸ்ப்ரெங்கல் என்ற பள்ளி ஆசிரியர் விரிவாக எழுதியதே 1793இல்தான். அதையும் அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டார்வின் வந்து எடுத்துப் பேசிய பிறகுதான் உலகம் அந்தப் புத்தகத்தைத் திரும்பிப் பார்த்தது.

1836இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சார்ல் மோரன் என்ற தாவரவியலாளர் கண்ணாடிக் கூடத்தில் ஒரு வெனிலா கொடியைக் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்து காய்க்க வைத்தார். அறிவியல் ரீதியாகப் பெரிய வெற்றிதான். ஆனால் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான பூக்களுக்கு வேகமாகச் செய்யக்கூடிய முறையாக அது மாறவில்லை.

எட்மண்ட் வளர்ந்த தோட்டம்

இனி தீவுக்கு வருவோம். மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது ரீயூனியன். அன்று அதன் பெயர் பூர்போன். பிரெஞ்சுக் காலனி. கரும்புத் தோட்டங்களும் அதில் உழைக்கும் அடிமைகளும்தான் அதன் பொருளாதாரம்.

அங்கே செயின்ட் சூசான் என்ற ஊரில் 1829இல் எட்மண்ட் பிறந்தான். தாய் மெலிஸ் அவனைப் பெற்றெடுக்கும்போதே இறந்துபோனார். குழந்தையின் உரிமையாளர் (ஆமாம், அந்த வார்த்தைதான்) அவனைத் தன் சகோதரர் ஃபெரியோல் பெல்லியே-போமோனிடம் கொடுத்துவிட்டார். ஃபெரியோலுக்குத் தோட்டக்கலையில் பைத்தியம். தன் பின்னாலேயே ஓடிவரும் சிறுவனுக்குச் செடிகளின் பெயர்களையும் பூக்களின் பாகங்களையும் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைபோலப் பாசமாக வளர்த்தார் என்றும் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் எழுதப் படிக்க அவனுக்குக் கற்றுத்தரவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

ஒரு முறை தர்பூசணி வகைக் கொடி ஒன்றில் ஆண் பூவையும் பெண் பூவையும் கையால் சேர்த்துவைப்பது எப்படி என்று ஃபெரியோல் அவனுக்குக் காட்டினார். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பூசணிக் கொடியில் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தால், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் லேசாகத் தேய்ப்போமே, அதேதான்.

தீவுக்கு 1819 முதல் சில முறை வெனிலா கொடிகள் கொண்டுவரப்பட்டிருந்தன. பெரும்பாலானவை பிழைக்கவில்லை. ஃபெரியோலின் தோட்டத்தில் பிழைத்த ஒரு கொடி, ஏறக்குறைய 20 வருடங்களாகக் காய்க்காமல் சும்மா படர்ந்து கிடந்தது.

1841இன் பிற்பகுதியில் ஒரு நாள். ஃபெரியோல் வழக்கம்போல எட்மண்டுடன் தோட்டத்தில் நடந்துவந்தார். அந்தக் கொடியில் பச்சையாக நீளமாக ஏதோ தொங்கியது. வெனிலா காய்! ஆச்சரியப்பட்டு நின்றவரிடம், நான்தான் செய்தேன் என்று எட்மண்ட் சாதாரணமாகச் சொன்னான். ஃபெரியோல் நம்பவில்லை. சில நாள் கழித்து இன்னொரு காய். அப்போதும் அவன் அதையே சொன்னான். சரி, செய்து காட்டு என்றார்.

அவன் செய்து காட்டியது இதுதான். விரிந்த பூவை ஒரு கையில் பிடித்துக்கொண்டான். மெல்லிய குச்சியால் நடுவில் இருந்த அந்த மடலை மேலே தூக்கினான். கட்டைவிரலால் மகரந்தத்தை மெதுவாகச் சூலகமுடி மேல் அழுத்தினான். அவ்வளவுதான். சில வினாடிகள்.

யாரும் அவனுக்கு வெனிலா பூவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கவில்லை. தர்பூசணியில் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு, வேறு விதமாக அமைந்த ஒரு பூவைத் தானே பிரித்துப் பார்த்து, எது எதைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்தான். ஆராய்ச்சி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதுதான் இது.

அந்தத் தீவின் பூச்சிகள் என்ன செய்துகொண்டிருந்தன?

நியாயமான கேள்வி. ரீயூனியனில் தேனீக்கள் உண்டு. காட்டு ஆர்க்கிட்களும் உண்டு. அப்படியிருக்க, உள்ளூர் பூச்சி ஒன்றாவது வெனிலாவிடம் போயிருக்கக் கூடாதா?

இதற்குப் பதில் தேட அந்தத் தீவின் சொந்த ஆர்க்கிட்களைப் பார்க்க வேண்டும். பக்கத்திலுள்ள மடகாஸ்கரில் ஆங்கிரேக்கம் என்ற வகை ஆர்க்கிட்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள்தான் துணை. அந்தக் குடும்பத்தின் சில இனங்கள் எப்போதோ கடல் கடந்து ரீயூனியனில் வேரூன்றின. ஆனால் அங்கே பழைய துணை கிடைக்கவில்லை. என்ன ஆனது தெரியுமா? இரண்டு இனங்கள் சிறிய வெள்ளைக்கண்ணிப் பறவைகளின் துணையோடு காய்க்கத் தொடங்கின. இன்னொன்றுக்கு ஒரு வெட்டுக்கிளி உறவுப் பூச்சி, அதாவது இரவில் நடமாடும் ஒருவகைச் சிள்வண்டு, மகரந்தம் சுமக்கிறது. பூவைத் தின்று தீர்க்கும் கூட்டம் என்று பெயரெடுத்த இனத்தில் ஒன்று பூவுக்கு உதவுவதை 2010இல் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது தாவரவியல் உலகமே வியந்தது.

ஆக, ஓர் இடத்தின் உயிர்க் கூட்டம் மாறும்போது செடியும் பூச்சியும் புதிய ஜோடி சேர முடியும். ஆனால் அதற்குப் பல ஆயிரம் தலைமுறைகள் தேவைப்படலாம். பூவின் வடிவமே மாற வேண்டியிருக்கலாம். வெனிலாவுக்குத் தீவில் கிடைத்தது வெறும் 20 வருடங்கள். அந்த இடைவெளியைத்தான் ஒரு சிறுவனின் விரல் நிரப்பியது.

எல்லாப் பயிருக்கும் இவ்வளவு கஷ்டம் இல்லை. சூரியகாந்தியை எங்கே நட்டாலும் ஏதாவது ஒரு தேனீ வந்துவிடும். குறிப்பிட்ட துணையைச் சார்ந்திருக்கும் செடிக்குத்தான் இடம் மாறினால் சிக்கல்.

தீவுக்குப் பணம், எட்மண்டுக்கு?

ஃபெரியோல் இந்தச் செய்தியை மற்ற தோட்ட முதலாளிகளிடம் பெருமையாகச் சொன்னார். உடனே எட்மண்டை ஒவ்வொரு தோட்டமாக அனுப்பிவைத்தார்கள். அங்கே இருந்த மற்ற அடிமைகளுக்கு அவன் பாடம் எடுத்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு தீவுக்கே பயிற்சியாளர். சம்பளம் கிடையாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1848இல் ரீயூனியனிலிருந்து பிரான்ஸுக்குப் போன வெனிலா சுமார் 50 கிலோ. 1858இல் 2 டன். 1867இல் 20 டன். 1898இல் 200 டன். வெனிலாவின் தாயகமான மெக்சிகோவையே அந்தச் சின்னத் தீவு முந்தியது.

அதே 1848ஆம் ஆண்டுதான் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ரீயூனியனில் 60,000க்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். எட்மண்டுக்கும் சுதந்திரம் கிடைத்தது. கூடவே ஒரு குடும்பப் பெயரும்: அல்பியஸ். லத்தீனில் வெள்ளை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். கறுப்பின இளைஞருக்கு அந்தப் பெயரை வைத்தவரின் மனதில் என்ன இருந்ததோ!

இனி அவரை அவர் என்றே அழைப்போம். 19 வயது எட்மண்ட் அல்பியஸ் தலைநகர் செயின்ட் டெனிக்குப் போனார். வெனிலா தொழில் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. அதைச் சாத்தியமாக்கியவருக்குக் கிடைத்ததோ ஒரு வீட்டில் சமையலறை வேலை. கையில் நிலம் இல்லை, பணம் இல்லை, படிப்பு இல்லை. சில வருடங்களில் நகைத் திருட்டு வழக்கில் சிக்கிச் சிறைக்குப் போனார். ஃபெரியோலும் வேறு சிலரும், இந்தத் தீவுக்கு இவர் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று ஆளுநருக்கு மனு போட்டார்கள். தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுதலை கிடைத்தது. பிறகு செயின்ட் சூசானுக்கே திரும்பினார்.

இதற்கிடையில் இன்னொரு சண்டை. ஆபீஸில் நாம் செய்த வேலைக்கு வேறொருவர் கிரெடிட் எடுத்துக்கொள்ளும் அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஜான் மிஷேல் க்ளோத் ரிஷார் என்ற பிரபல தாவரவியலாளர், இந்த முறையைப் பல வருடங்களுக்கு முன்பே தீவில் தான் செய்து காட்டியதாகவும், அந்தப் பையன் அதை எங்கோ ஒளிந்திருந்து பார்த்திருப்பான் என்றும் வாதிட்டார். அப்படியானால் 1841 வரை தீவில் ஒருவர்கூட ஒரு காயைக்கூட விளைவிக்காதது ஏன்? இந்தக் கேள்விக்கு ரிஷார் தரப்பில் சரியான பதில் இல்லை. ஃபெரியோல் விடாமல் கடிதங்கள் எழுதி, கண்டுபிடிப்பு எட்மண்டுடையதுதான் என்று பதிவு செய்தார். ஒரு கறுப்பினச் சிறுவனால், அதுவும் எழுத்தறியாதவனால், தாவரவியல் நிபுணர்களுக்கு எட்டாதது எப்படி எட்டும் என்ற எண்ணம்தான் அந்தச் சர்ச்சைக்கு ஆயுளைக் கூட்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

1863இல் ஓவியர் அன்டோய்ன் ரூசான் வெளியிட்ட தீவின் படத் தொகுப்பில் எட்மண்டின் உருவப்படம் வந்தது. கோட்டு அணிந்து, கையில் வெனிலா கொடியுடன் நிற்கிறார். படம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அவருக்கு ஒரு உதவித்தொகை வழங்க வேண்டும் என்ற கோரிக்கை வருடக்கணக்கில் பதிலின்றிக் கிடந்தது. 1880 ஆகஸ்டில், செயின்ட் சூசானில் உள்ள ஏழைகளுக்கான மருத்துவமனையில் அவர் இறந்தார். தீவுக்கே லாபம் தேடித்தந்தவர் வறுமையில் செத்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று சில வரிகளில் செய்தி போட்டது.

பூச்சிக்குப் பதில் கை: விலை யாருக்கு?

அடிமை முறை போன பிறகு ரீயூனியன் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். முக்கியமாகக் கரும்புத் தோட்டங்களுக்கு. அவர்களின் வழிவந்தவர்களை இன்றும் அந்தத் தீவில் மல்பார் என்றுதான் அழைக்கிறார்கள்.

எட்மண்டின் முறை ரீயூனியனிலிருந்து மடகாஸ்கர் போனது. இன்று உலகின் வெனிலாவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. 2000ஆம் ஆண்டில் மடகாஸ்கரைப் புயல் தாக்கியதும் விலை எகிறியது. அந்த ஆசையில் கேரளம், கர்நாடகம், தமிழ்நாட்டிலும் பலர் தென்னை, காபி, பாக்குத் தோட்டங்களில் வெனிலா நட்டார்கள். ஓரிரு வருடங்கள் கொண்டாட்டம். 2004க்குப் பிறகு விலை தரைமட்டமானதும் பலர் கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள். அந்தத் தோட்டங்களிலும் காலை நேரத்தில் குச்சியும் கையுமாகப் பூவுக்குப் பூ நடந்தவர்கள் செய்தது, 1841இல் அந்தச் சிறுவன் செய்த அதே அசைவுதான். இடையில் யாரும் இதைவிட நல்ல வழி கண்டுபிடிக்கவில்லை.

அதனால்தான் அசல் வெனிலாவுக்கு இந்த விலை. பதப்படுத்திய ஒரு கிலோவுக்கு 5 அல்லது 6 கிலோ பச்சைக் காய் வேண்டும். ஒவ்வொரு காய்க்கும் ஒரு பூ; ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கை. உங்கள் ஐஸ்கிரீமில் இருப்பது பெரும்பாலும் இது அல்ல. 1874இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் செயற்கையாக உருவாக்கிய வெனிலின்தான்.

இதேபோல இன்னொரு பயிரில் கதை வேறு மாதிரி முடிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் எண்ணெய்ப் பனையை மலேசியாவில் நட்டபோதும் காய்ப்பு குறைவாகத்தான் இருந்தது. தொழிலாளர்கள் மகரந்தத் தூளைக் கையால் தூவினார்கள். பிறகு, ஆப்பிரிக்காவில் அந்த வேலையைச் செய்வது ஒரு சின்னக் கூன்வண்டு என்று தெரிந்தது. 1981இல் கேமரூன் நாட்டு வண்டைச் சோதித்துக் கொண்டுவந்து மலேசியாவில் விட்டார்கள். கைவேலை தேவையற்றுப் போனது. வெனிலாவில் அது நடக்கவில்லை. ஆர்க்கிட் தேனீக்கு அந்தக் காடு முழுவதும் வேண்டும். ஒரு கொடிக்காக மட்டும் அது வாழ்வதில்லை.

எதிர்த்திசையிலும் கதைகள் நடக்கின்றன. பூச்சிகள் இருந்த இடத்தில் குறைந்துபோனதால், சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஆப்பிள், பேரி மரங்களில் மனிதர்கள் ஏறி மகரந்தம் தடவியிருக்கிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தில் ஆப்பிள் பூக்கும் பருவத்தில் விவசாயிகள் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுக்கிறார்கள்.

கையால் தீர்த்த பிரச்சினை இன்னொன்றை மறைத்தும் வைத்தது. தேனீ ஒரு கொடியின் மகரந்தத்தை வேறொரு கொடிக்குக் கொண்டுபோகும், கலப்பு நடக்கும். தோட்டத்திலோ ஒரே பூவின் மகரந்தம் அதே பூவுக்கு. புதுக் கொடிகளும் விதையிலிருந்து வருவதில்லை. தண்டை வெட்டித்தான் நடுகிறார்கள். இதனால் இந்தியப் பெருங்கடல் நாடுகளின் வெனிலா கொடிகளில் பெரும்பாலானவை மரபணு ரீதியாக ஏறக்குறைய ஒரே கொடியின் நகல்கள். வேரழுகல் உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சை ஒரு கொடியைப் பிடித்தால் பக்கத்துக் கொடிக்கும் தப்பிக்க வழி குறைவு. தீர்வு வேண்டுமானால் மத்திய அமெரிக்கக் காடுகளில் உள்ள காட்டு வெனிலா இனங்களிடம்தான் போக வேண்டும். அங்கேயும் காலநிலை மாறும்போது கொடிகளுக்கு ஏற்ற இடம் ஒரு பக்கமும் தேனீக்களுக்கு ஏற்ற இடம் இன்னொரு பக்கமும் நகர்ந்துவிடக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

எட்மண்டுக்கு இப்போது செயின்ட் சூசானில் சிலை இருக்கிறது. ரீயூனியனில் வெனிலா பூக்களைக் கையால் சேர்த்துவைக்கும் பெண்களுக்குப் பிரெஞ்சில் கல்யாணம் செய்துவைப்பவர்கள் என்று பொருள்படும் பெயர் உண்டு. பூக்கும் மாதங்களில் அவர்களுக்கு ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. தேர்ந்த கை ஒரே காலையில் ஆயிரம் பூவுக்கு மேல் முடித்துவிடும். மதியத்துக்குள் முடிக்காத பூ அடுத்த நாளே உதிர்ந்துவிடும்.